ஆறாவது தோள்

ஓராவா மலைச்சரிவில் ஜனவரி.
குழி வெட்டவே
முதலில் தீ மூட்டி மண்ணை இளக்க வேண்டியிருந்தது.

செத்தவன் போஹுஷ்.
கோயில் வாசல் மிதிக்காதவன்.
விடியற்கால மணி தூக்கத்தைக் கெடுக்கிறதென்று
மூன்று முறை புகார் எழுதியவன்.

பெட்டி தூக்க ஐந்து பேர் வந்துவிட்டோம்.
ஆறாவதாக வெண்டெலின்,
வேலித் தகராறில் அவனிடம்
நாலடி நிலம் தோற்றவர்.
ஒன்றும் பேசவில்லை.
ஆள் குள்ளம், பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது.
கழுத்துத் துண்டை மடித்துத்
தோளில் வைத்துக்கொண்டார்.

மேட்டில் இருமுறை வழுக்கினோம்.
பங்குத்தந்தை ஜெபப்புத்தகத்தை அங்கிக்குள் செருகிவிட்டுப்
பின்னாலிருந்து தள்ளினார்.

பிறகு
முட்டைக்கோஸ் சூப், எல்லோருக்கும்.

மறுநாள் இருட்டோடு
மணிக்கயிற்றைப் பிடித்த அகாத்தாவிடம்
வெண்டெலின் சொன்னார்:
"இன்றைக்கு மட்டும்
கொஞ்சம் மெதுவாக."