மற்றவை

வெளியேறும் காரணம் என்ற கட்டத்தில்
அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்
மேற்படிப்பு, திருமணம், பேறுகாலம், வெளிநாடு,
கணவரின் பணியிட மாற்றம்.
கீழே இறங்கிக்கொண்டே போனேன்.
தண்ணீர் என்று எங்கும் இல்லை.
கடைசியில் கிடந்த 'மற்றவை'யை அழுத்தினேன்.
நன்றி சொல்லிவிட்டுத்
திரை தானாக மூடிக்கொண்டது.

சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடி.
பதின்மூன்று வருடம்.
வேதியியல் படித்தவளை வளாகத்திலேயே அள்ளிப்போய்
யாரோ எழுதிய நிரல்களில்
பிழை தேட உட்கார்த்தினார்கள்.
கண்டுபிடித்தால் சம்பளம்.
கண்டுபிடிக்காவிட்டாலும் சம்பளம்.

அடையாள அட்டையைக் கொடுத்த பின்பும்
மூன்று வாரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.
தாலியைத்தான் தொலைத்துவிட்டேனோ என்று
மாமியார் பயந்துபோனார்.

ஒருநாள் காலை ஆறு இருபதுக்கு
பழக்கதோஷத்தில் அழைத்தார் கேப் ஏகாம்பரம்.
"கீழ நிக்கறேம்மா."
"நான் வேலைய விட்டுட்டேனே அண்ணா."
கொஞ்ச நேரம்
இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.
"ஏம்மா, ஒடம்புக்கு ஏதாவது?"

மடிப்பாக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு கடை.
முன்பு செல்போன் ரீசார்ஜ்,
அதற்கும் முன்பு கோழிக்கறி.
தரையைத் தேய்க்கத் தேய்க்கக்
கறிக்கடைதான் மேலே வந்தது.
அட்வான்ஸை எண்ணி வாங்கிய ஹபீபுல்லா பாய்
பலகையை நிமிர்ந்து படித்தார்:
நீர் பரிசோதனை நிலையம்.
"தண்ணியில பரிசோதிக்க என்னம்மா இருக்கு?
ஒண்ணு வருது, இல்ல வரல."

வாளி விளிம்பில் துருநிறம்,
குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு,
அலசிய தலையிலிருந்து கையோடு வரும் முடி.
ஷாம்பூவை மாற்றுகிறோம்.
லாரிக்காரர் நல்ல தண்ணி என்றால்
நல்ல தண்ணி.
நானோ பியூரெட்டின் கீழே கண் வைத்து
சொட்டு சொட்டாக இறக்குகிறேன்.
ஒரு சொட்டுக்கு முன்னால் சிவப்பு,
ஒரு சொட்டுக்குப் பின்னால் நீலம்.
எந்தச் சொட்டு என்று
எத்தனை முறை செய்தாலும்
முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

முதல் தேதி போன் துடிக்கவில்லை.
ஐந்தாம் தேதி துடித்தது.
வீட்டுக்கடன் தவணை
முப்பத்தெட்டாயிரத்து நானூறு
எடுத்துக்கொண்டார்கள்.
தணிகைவேல் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று பாத்திரங்களைக்
கொஞ்சம் சத்தமாகக் கழுவினான்.

ஐப்பசியில் வந்தார்
இருபத்துநான்கு வீட்டுக் குடியிருப்பின் செயலாளர்.
அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு
மிக மென்மையாகக் கேட்டார்:
"இரும்ப மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போட முடியுமா?
நாளைக்கு ரெண்டாவது மாடிய
வாங்க ஆள் வர்றாங்க."

அந்த மென்மை எனக்குத் தெரியும்.
வாடிக்கையாளருக்கு விளக்கும் நாளில்
இந்தப் பிழை இப்போது வேண்டாமே என்று
என் தோளுக்குப் பின்னாலிருந்து வரும்.
பதின்மூன்று வருடத்தில் நான்கு முறை
வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.
நான்குக்கும் தேதி சொல்வேன்.

முடியாது சார் என்றேன்.
இருபத்துநான்கு வீடும்
ஒரே ஸ்கூட்டரில் ஏறிப் போயின.
அன்று மாலை
கடன் தவணையை இருபத்துநான்கால் வகுத்துப் பார்த்தேன்.
எதற்கென்று தெரியவில்லை.

தை மாதம் லோகேஸ்வரி சேர்ந்தாள்.
பல்லாவரம்.
வீடு வீடாகப் போய்ப் பாட்டில் நிரப்பி
மூடியில் நேரம் எழுதிக் கொண்டுவருவாள்.
முதல் தேதி
அவள் கணக்குக்குப் பதினான்காயிரம் அனுப்பிவிட்டு
மூச்சுவிடாமல் நின்றேன்.
மேசைமேல் அவள் போன் துடித்தது.
எடுத்துப் பார்த்தாள்,
கவிழ்த்து வைத்தாள்.

பிறகு கேட்டாள்:
"மேடம், வருஷத்துக்கு லீவு எத்தன நாளு?"

"பார்க்கலாம்" என்றேன்.

என் மேலாளரின் குரல்,
அதே இழுப்பு,
ஏழாவது மாடியிலிருந்து இறங்கி வந்து
என் வாயில் நின்றது.
முகம் கழுவக் குழாயைத் திறந்தேன்.

வரல.