கட் சர்வீஸ்

புது வண்ணாரப்பேட்டையில்
செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடி.
செவ்வாய், வெள்ளி, ராத்திரி ஏழு மணி.
ஹெப்சிபா மிஸ் என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்.
போர்டில் மூன்று பத்தி போட்டாள்:
இன்றைக்கு, நேற்றைக்கு, முடிந்தே போனதுக்கு.
கோ, வென்ட், கான்.
ஈட், ஏட், ஈட்டன்.
பதினோரு பேரும் கோரஸாகத் தின்று முடித்தோம்.
அடுத்து எழுதினாள்:
கட். கட். கட்.

"மிஸ், மாத்த மறந்துட்டீங்க" என்றான்
டெலிவரி சட்டையோடு வந்திருந்த தணிகைவேல்.
"இது மாறாது. நேத்து வெட்டினாலும் இதேதான்.
எப்பவோ வெட்டினாலும் இதேதான்."

நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.
எனக்கு அது முன்னமே தெரியும்.

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது.
நாலு தூறல் விழுந்தால் கரண்ட் கட்.
கணக்கு வாத்தியார் முறைத்தால் கிளாஸ் கட்.
எனக்கு ஜுரம் வந்தால் சம்பளத்தில் கட்.
ஆட்டோக்காரருக்கு அது ஒரு திருப்பம்:
"சர்ச்சாண்ட ரைட் கட் பண்ணு, நேரா வந்துடும்."
யாரோ பெரிய மனிதர் வந்தால் முப்பதடி உயரத்துக்கு நிற்கும்,
அவர் போனபின் எங்கள் கூரைக்குத் தார்ப்பாயாகும்.
குவாட்டரில் சரிபாதி, கட்டிங்.
எங்கள் தெருவில் சண்டையில்லாமல் பங்கு பிரிவது
அது ஒன்றுதான்.

ஸ்டான்லியில் கட்டுப் போடுகிற அறையில் எனக்கு வேலை.
சனிக்கிழமை ஒரு பையன் வந்தான்,
ஆள்காட்டி விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு.
"என்னடா?"
"கட் ஆயிடுச்சு ஆன்ட்டி."
நக இடுக்கில் கண்ணாடித் தூள் மின்னியது.
மாஞ்சா என்று சொல்ல மாட்டான்.

கவனித்திருக்கிறேன்,
வெள்ளைக்காரன் தந்தது ஒரே ஒரு வினை.
நாம்தான் அதற்கு இரண்டு வால் ஒட்டினோம்.
பண்ணு என்று ஒன்று. ஆயிடு என்று ஒன்று.
அந்த 'ஆயிடுச்சு'க்குப் பின்னால்
ஒரு பையன் ஒளியலாம், ஒரு மின்வாரியம் ஒளியலாம்,
திருப்பூருக்குப் போன என் வீட்டுக்காரர் ஒளியலாம்:
"பேசிட்டே இருந்தேனா, லைன் கட் ஆயிடுச்சு."
ஏழு வருஷமாக.

பள்ளிக்கூட இலக்கணத்தில் எனக்கு மிஞ்சியது ஒன்று.
வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது.
அதனால்தான் எங்கள் வார்டைக் கூட்டுகிற கன்னியம்மா
"போனு கட்டு, கரண்டு கட்டு" என்கிறாள்.
நாக்கு நிற்க இடமில்லாமல்
கடைசியில் ஓர் உகரத்தில் உட்கார்ந்துகொள்கிறது.
குறுகிய உகரம். அரை மாத்திரை.
எங்கள் மருந்து கவுண்டரில் அரை மாத்திரையென்றால்
கையாலேயே உடைத்துத் தருவார்கள்,
அதில் ஜுரம் இறங்கியதை நான் பார்த்ததில்லை.
இங்கே இறங்குகிறது.
அறுத்துப் போட்ட சொல்
அரை மாத்திரையில் முடிச்சாகிவிடுகிறது.
கட்டு.
பையனின் விரலில் நான் சுற்றியது,
மகளின் ஃபீஸுக்கு நான் அலைவது,
பூக்காரி நாரில் விரல் பார்க்காமல் போடுவது.
கட்டினவர் என்றுதான் அவரையும் சொல்கிறார்கள்
இன்னும்.

வெள்ளிக்குள் ஹோம்வொர்க்:
மூன்று பத்திக்கும் மூன்று வாக்கியம்.
இரண்டு எழுதிவிட்டேன், வெங்காயத்தை வைத்து.

ஒன்பதே காலுக்கு வந்தது கட் சர்வீஸ்.
"டோல்கேட்டோட சரிம்மா, மேல போகாது."
நான் போக வேண்டியது எர்ணாவூர்.
ஏறிக்கொண்டேன். பெண்களுக்கான சீட்டைக் கிழித்துத் தந்தார்,
காசில்லாத சீட்டுக்கும் கிழிகிற சத்தம் அதேதான்.

அகஸ்தியா தாண்டும்போது போன் அடித்தது.
திருப்பூர்.
ஒரு முழுப் பாட்டும் பாடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு சிவப்பைத் தொட்டேன்.

ஆகவில்லை.
பண்ணினேன்.

மூன்றாவது பத்திக்கு இதை எழுதலாமா,
மிஸ் திருத்துவாளா என்று யோசிப்பதற்குள்
டோல்கேட்.
டிரைவர் உள் விளக்கை அணைத்துவிட்டார்.
இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்,
உப்புக் காற்றில்,
மீன் கூடைக்காரர்களுக்குப் பக்கத்தில்.