பார்த்ததற்கு ஒரு விகுதி

எஸ்கிஷெஹிரில் அந்தக் குளிர்காலம் முழுக்க
பதினைந்து நாளுக்கொரு தரம்
மூன்று மாடி ஏறிப் போனேன்.
தோளில் டேப் ரெக்கார்டர்,
படிக்கட்டெல்லாம் நிலக்கரிப் புகை.
பெர்ரினுக்கு இரண்டரை வயது.
அவள் பேசுவதைப் பதிவுசெய்யப்
பல்கலைக்கழகம் சம்பளம் தந்தது,
பஸ்ஸுக்குத் தரவில்லை.

எங்கள் துருக்கியில்
கண்ணால் கண்டதற்கு ஒரு விகுதி: தி.
காதில் விழுந்ததற்கு, தூங்கி எழுந்து ஊகித்ததற்கு,
கதைக்கு, வம்புக்கு
வேறொன்று: மிஷ்.
யாரும் குழந்தையை உட்காரவைத்து
இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

டிசம்பர் வரை அவளுக்கு எல்லாமே தி.
ஓநாய் ஆட்டைத் தின்றது,
இவள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி.

ஜனவரியில் ஒரு காலை
திரையை விலக்கியவள் அப்படியே நின்றாள்.
"பனி பெஞ்சிருக்கு!"
ராத்திரியில். தன்னைக் கேட்காமல்.
மிஷ்.
பென்சிலைக் கடித்தே விட்டேன்.
அப்புறம் நிறுத்தவே முடியவில்லை:
சர்க்கரைக் கிண்ணம் உடைந்து போயிருக்காம்,
சொல்கிற வாயைச் சுற்றிச் சர்க்கரை.

பிப்ரவரியில்
வாசலில் பெரிய செருப்பு இல்லை.
முஸெய்யென் டீ ஊற்றினாள்.
ஜெவ்தெத் அங்காராவுக்குப் போயிருக்காராம்.
வேலையாம். கடிதம் போடுவாராம்.
மாடிவீட்டுக்காரி தலையாட்டினாள்,
ஆமாம், அப்படித்தானாம்.

கட்டைகளை அடுக்கிக்கொண்டே,
நிமிராமல், பெர்ரின் சொன்னாள்:
"அப்பா போனார்."
கிட்டி.

"போனாராம்" என்றாள் அம்மா.
ஓநாயைத் திருத்தாதவள்,
ஐந்து மாதத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாதவள்.

"போனார்.
பெட்டி. லைட் போடலை."

மேலே இன்னொரு கட்டை.

இரவு விடுதியில்
மூன்று தரம் ஓட்டிக் கேட்டேன்.
படிவத்தில் 'பிழை' என்றொரு கட்டம் உண்டு,
அந்த வயதுக்கு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.
'சரி'யில் ஒரு கோடு போட்டேன்,
சின்னதாக.

டேப்பில் அதற்கப்புறம் பேச்சு இல்லை.
கரண்டி கண்ணாடி டம்ளரில் சுற்றுகிற சத்தம்,
வெகுநேரம்.

முஸெய்யென்
டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.