இதர செலவுகள்

உன்னோ ததாவோமியின் வரிக்கணக்கை
இருபத்திரண்டு வருடம் நான்தான் எழுதினேன்.
அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை
என்று என் கணவரிடம் சொல்லியிருந்தேன்.

மார்ச் பதினைந்து கடைசி நாள்.
பதின்மூன்றாம் தேதி மாலை வருவார்,
கக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா
நிறைய ரசீதுகள்.
குரலைத் தாழ்த்தாமல் விளக்குவார்:
சணல் கயிறு, பன்னிரண்டு மீட்டர்.
மெழுகுவர்த்தி, இரண்டு கட்டு.
சிவப்புப் பட்டு, கிழிப்பதற்கு.
"ஆராய்ச்சி" என்பார்.
தொழிற்செலவு என்று நான் எழுதுவேன்.
அடுத்த அறையில் என் கணவர் இருமுவார்.

முதலில் குடிநீர் வாரியத்தில் குமாஸ்தா.
யார் வீட்டில் நள்ளிரவில் தண்ணீர் ஓடுகிறது
என்று மீட்டர் பார்த்தே சொல்லிவிடுவாராம்.
பிறகு புனைபெயர்கள்.
ஒன்று மருந்துக்கடைப் பலகையில் எடுத்தது.
இன்னொன்று பெண் பெயர்;
அதற்குத் தாளுக்கு எண்பது யென் கூடுதல்.
நானூறு கட்டம் போட்ட தாள்.
அந்தப் பெண்ணுக்கு வந்த காதல் கடிதங்களின்
பதில் தபால்தலையும் செலவில் சேரும்.

அப்புறம் சினிமா.
ஆறு நாளில் ஒரு படம்,
பத்து நிமிடத்துக்கு ஒரு படுக்கை.
மற்றபடி யார் எதற்கு அழுதாலும்
கம்பெனிக்குக் கவலையில்லை.
அந்த 'மற்றபடி'க்குள்தான்
உன்னோ குடியிருந்தார்.

எழுபத்து நான்கில் வரி அதிகாரி கேட்டார்,
வருடா வருடம் கயிறு எதற்கு, தேயுமா?
தேயும், பாத்திரங்கள் இழுக்கிறார்கள், என்றார் உன்னோ.
அதிகாரி நேரே உராவா வீட்டுக்கே போய்விட்டார்.
நானும் கூடப் போனேன்.
கொல்லையில், பெர்சிமன் மரத்துக்கும்
குளியலறைச் சுவருக்கும் நடுவே
அத்தனை வருடத்துக் கயிறும் கட்டியிருந்தது.
அதில் வெள்ளை முள்ளங்கி காய்ந்துகொண்டிருந்தது,
நாற்பதுக்குக் குறையாது.
"புதுசு முரடாயிருக்கும்.
கொதிக்க வைத்து எண்ணெய் தடவினால்தான் பதமாகும்"
என்றார் அவர் மனைவி ஃபுசாயே, ஊறுகாயை நீட்டியபடி.
அதிகாரிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.
பாதித் தொகையைத் தள்ளுபடி செய்யவில்லை.

படித்ததில்லை என்றது பொய்.
சமையல் புத்தக அட்டையைப் போட்டு
ரயிலில் படித்தேன், எல்லாவற்றையும்.
எந்தக் கதையானாலும்
விடியப் போகும் நேரத்தில்
யாராவது யாரிடமாவது குடை கேட்பார்கள்.
வேறு காரியத்துக்காகப் படிப்பவர்கள்
அந்தப் பக்கத்தைத் தாண்டியிருப்பார்கள்.
இயக்குநர்களும் அடித்துவிடுவார்கள்:
மழைக்குக் காசில்லை.

ஒருமுறை மட்டும் ரசீது வந்தது.
தண்ணீர் லாரி, ஒரு மணி நேரம், சொந்தப் பணம்.
அந்தப் படம் பார்க்க ஓமியாவுக்குப் போனேன்,
முகத்தில் மூடி போட்டுக்கொண்டு.
பக்கத்திலிருந்த ஆண்கள் இரண்டு நாற்காலி தள்ளிப் போனார்கள்,
நான்தான் ஏதோ ஆபாசம் என்பதுபோல.
திரையில் மழை பெய்தது.
கதவருகே அவள் குடையைக் கேட்டாள்.
அவன் இல்லை என்றான்.
குடை அவன் பின்னால் சாய்ந்திருந்தது, எங்களுக்குத் தெரிந்தது.
இருட்டில் ஒருவர்கூடச் செருமவில்லை.

வீடியோ வந்தது, கொட்டகைகள் சாத்தின.
எண்பத்தைந்து பிப்ரவரியில் உன்னோ போனார்.
பதின்மூன்றாம் தேதி ஃபுசாயே வந்தார், அதே டப்பாவோடு.
அடியில், ஓரம் மக்கிய ஒரு சீட்டு
எனக்கு முந்திய காலத்தது:
சோஷி, கடலோர விடுதி.
இரண்டு பேர், ஓரிரவு.
குடை வாடகை, ஒன்று. திருப்பித் தரவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
என் தோளுக்கு மேலாகப் படித்தார்.
இது செல்லுமா?
காலம் கடந்துவிட்டது அம்மா, என்றேன்.
சோஷிக்கு நான் போனதே இல்லை, என்றார்.
அங்கே காற்று அதிகமாமே.

ரசீதுகளை என் மேசையிலேயே கொட்டிவிட்டு
டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டார்,
ஆணி போட்டு வைக்க.