எழுபத்தி மூணாம் கேட்

மேட்டூரை மூடிப் பதினெட்டு நாள்.
வெட்டாற்றில் மணல் தெரிகிறது,
நடுவே ஓர் எருமை படுக்கிற அளவுக்குத் தண்ணீர்.
வயலெல்லாம் அரிதாளுக்குள் உளுந்து.
எனக்கென்று இருப்பது
கேட் அறைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே
இருபதடிக்குப் பன்னிரண்டு.
அதில் பாதி ஜல்லி.

முதல் வெட்டுக்குத் தீப்பொறி பறந்தது.
இரண்டாம் வெட்டுக்கு ஃபோன் அடித்தது.
'எழுபத்தி மூணு, காரைக்கால் வண்டி
குளிக்கரை விட்டாச்சு.'
மண்வெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு
கைப்பிடியைச் சுற்றினேன்.
கேட் இறங்கியது.
இந்தப் பக்கம் பதினோரு வண்டி,
அந்தப் பக்கம் ஒரு டிராக்டர்.

மூடின கேட்டில் நிற்பவருக்கு
உலகத்தில் வேறு வேலை கிடையாது.

'வெண்டையா மேடம்? ஒன்றரை அடி விட்டு ஊனுங்க.'
'களிமண்ணு. மணல் கலக்காம ஒண்ணும் வராது.'
'மணலா? நாலு சட்டி அள்ளிப் பாரு,
லாரியோட சேத்து ஒன்னையும் பிடிப்பான்.'
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தன்
'யூரியா' என்றான்.
பின்னால் உட்கார்ந்திருந்தவள்
அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வண்டி போனது. கேட் தூக்கினேன்.
யோசனை சொன்ன எல்லோரும்
ஒரே நேரத்தில் மறந்துபோய்க் கிளம்பினார்கள்.

அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் டிராக்டரை ஓரங்கட்டி
வைரக்கண்ணு இறக்கியது இரண்டு சாக்கு எரு.
'மாட்டுச் சாணிக்குக் காசு வாங்குனா
மாடு கேக்கும்' என்றார்.
எக்ஸ்எல்லில் மீன் கொண்டுவரும் ரத்தினசபை
கூடை அலசின தண்ணீரை இனி
சாலையில் கொட்டுவதில்லை.
மூன்று நாளைக்கு அறை நாறியது;
பூனை ஒன்று பணிக்குச் சேர்ந்தது.
முதுகில் வைத்தவள் பெயர் மெர்லின்.
சாம்பல் புரட்டின பாகல் விதை பதினாறு,
மருந்துக் கடைக் கவரில்.
'இவரு யூரியாவத் தூக்கிட்டு வந்தா
கேட்டத் திறக்காதீங்க.'

ராத்திரிப் பணிக்கு வரும் குணாளனுக்கு
செடி வளர்ப்பது
வேலையில்லாதவன் வேலை.
காலையில் வந்தால் பாத்தி ஈரமாக இருக்கிறது.
கேட்டால், டீ டம்ளர் கழுவினேன் என்கிறான்.
பெரிய டம்ளர்தான்.

வியாழக்கிழமை ஜீப்பில் நாலு பேர்.
சங்கிலி பிடித்தார்கள், எட்டு வைத்தார்கள்,
நான் பந்தலுக்குக் கட்டம் போட்டிருந்த இடத்தில்
வெள்ளைக் கல் ஒன்று நட்டு
சிவப்பில் எண் எழுதினார்கள்.
இதுக்குக் கீழே பாலமாம்.
கேட் வேண்டாமாம், கேட்காரியும்.

'எப்ப சார்?'
'மூணு மாசமும் ஆகலாம்,
மூணு வருஷமும் ஆகலாம்.'
'புடலைக்கு எழுபது நாள்' என்றேன்.
அவர் என் கணக்கையும்
குறித்துக்கொள்வதுபோல் பேனாவைத் தூக்கினார்,
பிறகு மூடிக்கொண்டார்.

சாயங்காலம் அந்தக் கல்லைச் சுற்றிக் கொத்தினேன்.
உள்ளே ஜல்லி இல்லை. நல்ல வண்டல்.
அவர்கள் தோண்டிய குழியல்லவா,
ஆழமாகத்தான் தோண்டியிருக்கிறார்கள்.
இரண்டு புடலை விதை,
கல்லின் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று.
பந்தலுக்கு ஒரு கால் மிச்சம்.

புங்கமரம் பழைய இலையைக் கொட்டி முடித்துவிட்டது.
கொடிக்கம்பத்தின் நிழல் குட்டையாகிறது.
பாத்தி பார்க்க ஆள் வருவதும் போவதுமாக இருக்க
மண் மட்டும் எட்டு நாளாக
ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்குக் கூட்ஸ். நாற்பத்தி இரண்டு வேகன் நெல்.
பச்சைக் கொடியை விரித்துப் பிடித்தேன்,
அதில் ஐந்து விரலும் சேறாகப் பதிந்திருப்பதை
கார்டு பார்த்துக்கொண்டே போனார்.
கேட் தூக்கியும் வண்டிகள் நகரவில்லை.
பின்னால் ஹாரன், அதற்குப் பின்னால் பஸ்ஸின் ஹாரன்,
கண்டக்டர் இறங்கி ஓடிவருகிறார்.
முன்னால் டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கிறது,
ஓட்டுகிறவர் சீட்டில் இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கம்
முட்டியில் கையூன்றிக் குனிந்திருக்கிறார் வைரக்கண்ணு.
'மேடம், இங்க வாங்க.
பாகலா புல்லான்னு தெரியல.
ஆனா நேத்து இது இல்ல.'