செப்டம்பர் எருமைக்கான பட்டியல்

ஆர்ஹூஸ் நகரத்துப் பல் மருத்துவர் டோர்பன் ஆஸ்கோர்
மார்ச்சிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்.
முதல் கடிதம் ஆறு பக்கம்.
எருமை ஒன்று, நாட்கள் பத்து,
மிச்ச ஐந்தரைப் பக்கமும் துப்பாக்கி.

முகாமின் சாவிக்கொத்து என் இடுப்பில்.
பதில் எழுதுவதும் நான்தான்:
டிசாவுகே பிரி, பண்டகசாலை, லுவாங்வா கீழ்க்கரை.

ஐயா,
உருமறைப்புச் சட்டை வேண்டாம்.
இந்த நாட்டில் அது ராணுவத்தின் தோல்,
விமான நிலையத்திலேயே உரித்துவிடுவார்கள்.
நீலமும் வேண்டாம்.
செட்சி ஈ நீலத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிறது.
புது பூட்ஸை இன்றே போட்டு நடங்கள்,
சந்தைக்கு, மாதாகோயிலுக்கு,
பல் பிடுங்கும்போதும்.
தோட்டா ஐந்து கிலோவுக்கு மேல் விமானம் ஏற்காது.
கை நிதானமென்றால் அதுவே மிகை.

நானூற்றெழுபதா, முந்நூற்றெழுபத்தைந்தா என்று கேட்டார்.
தடம் பார்க்கிற லாமெக் ஞ்சோவுவிடம் கேட்டேன்.
ஞ்சோவு என்றால் யானை,
ஆள் என்னவோ நாற்பத்தெட்டுக் கிலோ.
"எது சுட்டால் அவருக்கு வலிக்காதோ அது" என்றான்.
அதை அப்படியே எழுத முடியுமா?
சின்னதே போதும் என்று எழுதினேன்.

கடைக்காரன் பெரியதை விற்றுவிட்டிருந்தான்.

இரட்டைக் குழல், வெள்ளித் தகடு,
தகட்டில் செதுக்கிய எருமை.
கொம்பு மட்டும் வேறு கண்டத்துக் கொம்பு,
எங்கோ சேற்றில் ஊறும் நீரெருமை.
லாமெக் பார்த்தான். சிரிக்கவில்லை.
விருந்தாளிக்கு அவன் தரும் மரியாதை அது.

காற்றளக்கும் கருவி வந்திருந்தது,
தூரமளக்கும் கருவி,
கழுத்தைக் குளிர வைக்கும் துண்டு,
சொன்ன பேச்சு கேளாத நீலச் சட்டை இரண்டு.
லாமெக்கிடம் ஒற்றைக் காலுறை, உள்ளே அடுப்புச் சாம்பல்.
ஒரு தட்டுத் தட்டினால்
காற்று தன் முகவரியைச் சொல்லிவிடும்.

கரையான் புற்றில் காகிதம் குத்தினோம்.
முதல் குண்டு புற்றின் தலையைக் கொண்டுபோயிற்று.
இரண்டாவது எங்கே போயிற்றென்று யாரும் தேடவில்லை.
"கை வியர்த்திருக்கிறது ஐயா, நான் போடுகிறேன்"
என்று வாங்கிய லாமெக்
சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூட்டைச் செருகித் தந்தான்.

டிக்.

அவ்வளவுதான்.
ஆனால் தோள் துள்ளியது, கண் இறுக மூடியது,
குழல் மூக்கைத் தரையில் நட்டது.
வெடிச்சத்தம் மறைத்து வைத்திருந்ததையெல்லாம்
நிசப்தம் எங்கள் முன்னால் கொட்டிவிட்டது:
சமையல்கார யோபே, வனக்காவலர்,
கணக்கேட்டோடு நான்.

கத்துவார் என்று நினைத்தேன்.
பெட்டி மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து,
"முப்பது வருடமாக என் நாற்காலியில் பார்க்கிறேன்,
ஊசியை எடுக்கும் முன்பே
அவர்களுக்கு வலித்துவிடும்" என்றார்.

இரும்பு அலமாரியைத் திறந்தேன்.
முகாமின் பழைய முந்நூற்றெழுபத்தைந்து,
வெடித்த கட்டையில் செம்புக் கம்பிச் சுற்று.
பெயர் எழுதினேன். வாடகைக் கட்டத்தை விட்டுவிட்டேன்.
நான்கு நாள் காகிதத்தோடு மட்டுமே வேட்டை.
லாமெக் வெற்றுக்கூட்டை எப்போது செருகுவான் என்று தெரியாது,
எங்களுக்கும்தான்.
நான்காம் மாலை டிக் என்றபோது
குழல் அசையவில்லை, கண் திறந்தே இருந்தது.
யோபே கை தட்டினான்.

இன்று விடியலில் கிளம்பினார்கள்.
தண்ணீர், சாணைக்கல், சைக்கிள் டியூப் கட்டிய மூங்கில் முக்காலி,
இறைச்சிக்குக் காத்திருக்கும் இரண்டு ஊர்களின் பெயர்ச் சீட்டு.
நீலச் சட்டைகளைக் கிழித்து
வாசலில் ஈப்பொறி கட்டிவிட்டேன்.
நல்ல துணி.

அலமாரி இருட்டில் வெள்ளி எருமை
பிறத்தியார் கொம்போடு படுத்திருக்கிறது.

ஒன்பதரைக்கு ஒரு சத்தம்.
ஒன்றே ஒன்று.
உப்பு மூட்டையின் முடிச்சில் கை வைத்தபடி
இரண்டாவதற்காகக் காது கொடுத்து நிற்கிறேன்,
வரக்கூடாதென்றா, வரவேண்டுமென்றா,
தெரியவில்லை.