மூன்றாவது சீட்டு

விலங்கியல் துறை, ஏழாம் எண் அலமாரி.
உள்ளங்கைக்குள் அடங்காத ஒற்றைப் பல்.
தூசி தட்டுவது என் வேலை,
சீட்டு ஒட்டுவதும்.

அடியில் இருக்கும் சீட்டு ஊதா மையில்:
கார்கரோடான் மெகலோடான்.
விளிம்பில் கருக்கு இருந்ததாம்,
வெள்ளைச் சுறாவுக்கும் கருக்கு உண்டாம்,
முகஜாடை பார்த்து
பாட்டன் பேரன் என்று முடித்துவிட்டார்கள்.

கீவளூர்ச் சந்தையில்
இரண்டு கருக்கரிவாள் வாங்கிப் பாருங்கள்.
ஒரே பட்டறையா என்ன?

அதன்மேல் தட்டச்சில், 'ர' மட்டும் உடைந்து:
கார்கரோக்கிளிஸ் மெகலோடான்.

போன புதன்கிழமை நிலோஃபர் மேடம்
மூன்றாவதைக் கொண்டுவந்தார்.
ஒட்டோடஸ்.
இதன் முன்னோர் பல்லில்
வேரை ஒட்டி இரண்டு பக்கமும் சிறு முளை இருந்ததாம்,
தேய்ந்து தேய்ந்து இதில் இல்லாமல் போனதாம்.
வெள்ளைச் சுறா வேறு கொடி,
வழுவழுப்பான பல்லிலிருந்து வந்தது.
"ஒத்துக்கொள்ளாதவங்களும் இருக்காங்க, நீலா.
பென்சில்லயே எழுது."

உடம்பெல்லாம் குருத்து. மிஞ்சியது பல்.
நீளம் பதினைந்து மீட்டரா, இருபதுக்கு மேலா,
ஆளுக்கொரு கணக்கு.
அது நீந்திய காலத்தில்
இந்தக் கட்டடம் நிற்கிற மண்ணைக்
காவிரி இன்னும் கொண்டுவந்து சேர்க்கவில்லை
என்றும் சொன்னார்.
நான் தரையைப் பார்த்தேன். மொசைக்.

அக்கரைப்பேட்டை ஏலக்கூடத்தில்
என் அண்ணனுக்குச் சுறா இரண்டே வகை:
பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது,
கொச்சி லாரியில் ஏற்றுவது.
பல்லின் படத்தைக் காட்டினேன்.
"வலை என்னத்துக்கு ஆகும்" என்றான்.

சீட்டு எழுத உட்கார்ந்தால்
கை தானாக என் பெயரை எழுதிப் பார்க்கிறது.
பள்ளிச் சான்றிதழில் த. நீலாயதாட்சி.
குடும்ப அட்டையில் கு. நீலாயதாட்சி.
கோர்ட் முடிந்து, அரசிதழுக்குப் பணம் கட்டி,
இப்போது அம்மாவின் எழுத்து,
செ.
வங்கியில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

முன்னால் வருவதைத்தான் மாற்றுகிறார்கள்.
மெகலோடானை யாரும் தொடவில்லை.

பழைய சீட்டுகளைக் கிழிக்காமல்
மேலேயே ஒட்டினேன்.
பசை காயும் வரை அழுத்திப் பிடித்ததில்
கட்டைவிரலில் கீறல்.
இத்தனை லட்சம் வருடம் கழித்தும்
கருக்கு மழுங்கவில்லை.

'கிடைத்த இடம்' என்ற கட்டம்
மூன்று சீட்டிலும் காலி.